நட்பு ஆட்டத்துல 19 கோல், லீக்ல 5 கோல்: நம்ம கிருஷ்ணகிரி ஹாக்கி அணி எங்கே சறுக்குது?

செம்மண் சென்டர்ஹாஃப் (கேள்வி)

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஹாக்கி பாக்குறவங்களுக்கு எந்த அணியைச் சொல்றேன்னு புரியும், பேர் வேண்டாம். சீசனுக்கு முன்னாடி ரவுண்டானாவுல ஃபிளெக்ஸ் வச்சாங்க. வாட்ஸ்அப் குரூப் முழுக்க "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்"னு பேச்சு. பேசினதுக்குக் காரணமும் இருந்துச்சு. ஓசூர் கம்பெனிகள்ல வேலை பாக்குற நாலு பேர் புதுசா சேர்ந்தாங்க, வெளியூர்லேருந்து ஒரு ட்ராக் ஃபிளிக்கர் (பந்தை மட்டையால இழுத்து கோலுக்கு வீசுறவர்) வந்தார், நாலு நட்பு ஆட்டம் ஆடி நாலையும் ஜெயிச்சாங்க. போட்டது 19, வாங்கினது 3.

லீக்ல 8 அணி, ஒவ்வொரு அணிக்கும் 7 ஆட்டம், முதல் 4 இடம் அரையிறுதிக்குப் போகும். இதுவரைக்கும் 5 ஆட்டம் முடிஞ்சிருக்கு. ஒண்ணு 3-1ன்னு ஜெயிச்சோம், ஒண்ணு 1-1 டிரா, மத்த மூணும் 0-2, 1-4, 0-3ன்னு தோல்வி. மொத்தம் 4 புள்ளி. வாங்கின 11 கோல்ல 6 கோல் நாலாவது குவார்ட்டர்ல விழுந்தது. பெனால்டி கார்னர் (கோல் பக்கத்துல எதிரணி செய்ற தப்புக்குக் கிடைக்கிற கோல் வாய்ப்பு) 24 கிடைச்சு ரெண்டு தான் கோல். இன்னும் ரெண்டு தடவை கார்னர்ல பந்து வலைக்குள்ள போயும் அம்பயர் கோல் குடுக்கல. மஞ்சள் அட்டை 4.

நட்பு ஆட்டம் எல்லாமே நம்ம செம்மண் மைதானத்துல, 25 நிமிஷம் 25 நிமிஷமா ரெண்டு பாதி. லீக் முழுக்க வெளி மாவட்டத்துல டர்ஃப்ல (செயற்கைப் புல் தரை), 15 நிமிஷமா நாலு குவார்ட்டர். அடுத்த ஆட்டத்துக்கு 18 நாள் இருக்கு. கோச்சை மாத்தணும்னு ஒரு கூட்டம், கேப்டனை மாத்தணும்னு ஒரு கூட்டம். ஆட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இதுல சரி பண்ணக்கூடிய கோளாறு எது? 18 நாள்ல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

அரூர் ஃபுல்பேக்

அந்த 19 கோலை முதலில் பிரித்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஓங்கி அடித்த நீளப் பந்தைத் துரத்தி எடுத்துப் போட்டவை எத்தனை, நாலு பாஸ் கோத்து டிக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) போய்ப் போட்டவை எத்தனை? பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் லீக்கில் அந்த வழி அடைபட்டதற்குத் தரைதான் காரணம்.

செம்மண்ணில் பந்து உருள உருள வேகம் செத்துவிடும். ஃபுல்பேக் தன் ட்வென்டிஃபைவிலிருந்து (கோல் நிற்கும் கோடான பேக்லைனிலிருந்து 23 மீட்டர் வரை உள்ள பகுதி) பலமாக அடித்தாலும் எதிரணி டிக்கு முன்னால் பந்து தளர்ந்து கிடக்கும். கால் வேகமுள்ள பையன் போய் எடுத்துவிடுவான். ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை 1990களிலேயே எடுத்துவிட்டதால் ரெண்டு பேரை முன்னாலேயே நிறுத்திவைக்கவும் தடை இல்லை. டர்ஃபில் அதே அடி நிற்காமல் பேக்லைனைத் தாண்டி ஓடும். எதிரணி 15 மீட்டரில் பந்தை வைத்து நிதானமாகத் தொடங்கும். முன்னால் நின்ற ரெண்டு பேரும் ஆட்டத்துக்கு வெளியே; நடுவில் நமக்கு ஆள் குறைவு. ஒரு குவார்ட்டரில் இப்படி ஏழெட்டுப் பந்து வீணானால் கோல் எப்படி விழும்?

ரெண்டாவது, பந்தை நிறுத்துவது. மண் தரையில் பந்து துள்ளும் என்று பையன்கள் உடம்பை நிமிர்த்தி, மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து நிறுத்தப் பழகியிருப்பார்கள். டர்ஃபில் பந்து தரையோடு ஒட்டி, கை நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். முட்டி மடங்கணும், மட்டை சாயணும், கீழ்க்கை தளர்வாக இருக்கணும். இல்லையென்றால் முதல் தொடுதலிலேயே பந்து ஒரு மீட்டர் தள்ளித் தெறிக்கும். அந்த ஒரு மீட்டர் எதிராளிக்குப் போதும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஹிட் அடிப்பது. மண்ணில் 15 மீட்டர் தாண்டணும் என்றால் ஹிட்தான் வழி. டர்ஃபில் புஷ் (மட்டையை ஓங்காமல் தள்ளுவது) போதும், கொஞ்சம் தூரமென்றால் ஸ்லாப் (மட்டையைத் தரையோடு வீசித் தட்டுவது). ஹிட்டுக்கு மட்டையைப் பின்னால் தூக்கும் நேரத்தில் எதிராளி வந்து நின்றுவிடுகிறான். பாஸ் எங்கே போகப்போகிறது என்பதும் தோளைப் பார்த்தே தெரிந்துவிடும்.

18 நாளில் செய்யக்கூடியது: பள்ளிக்கூட பாஸ்கெட்பால் கோர்ட்டின் சிமென்ட் தரையில் தினமும் 30 நிமிடம் நிறுத்தல், புஷ். ஜோடியாக 10 மீட்டரில் தொடங்கி, 15க்குப் போய், பிறகு ஓடிக்கொண்டே. முதலில் நேர்ப்பக்கம், பிறகு ரிவர்ஸ் (மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கம்). சிமென்ட் டர்ஃப் ஆகாது, ஆனால் பந்து அந்த வேகத்தில், துள்ளாமல் வரும். மட்டையின் முனை தேயும், டேப் சுற்றிக்கொள்ளுங்கள், நல்ல மட்டையைக் கொண்டுபோக வேண்டாம். இதோடு ரெண்டு தடவையாவது உண்மையான டர்ஃபில் கால் வைக்கணும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். சாந்திநகரில் கரியப்பா ஹாக்கி அரங்கம் இருக்கிறது. அங்கேயோ வேறு டர்ஃபிலோ முன்கூட்டியே நேரம் பேசி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலா 90 நிமிடம் கிடைத்தாலும் பெரிய உதவி. கூர் ஸ்டட் வைத்த கால்பந்து ஷூவோடு போகாதீர்கள், வழுக்கும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் புள்ளி உள்ள ஷூ வேண்டும்.

இனி கோலை எண்ணுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை தடவை பந்தோடு டிக்குள் போனோம், அதில் எத்தனை ஷாட், எத்தனை பி.சி. (பெனால்டி கார்னர்), நம் ட்வென்டிஃபைவுக்குள் எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்தோம். இந்த நாலையும் ஒரு ஆள் நோட்டில் கோடு போட்டாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

கார்னர் பைத்தியம்

24க்கு 2. இதைப் பார்த்தபிறகு வேற எதுவும் பேசத் தோணலை எனக்கு. நாலு கார்னருக்கு ஒண்ணு போட்டிருந்தாக்கூட 6 கோல் வந்திருக்கும், 0-2 ஆட்டமும் 1-1 ஆட்டமும் வேற மாதிரி முடிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு.

ஃபிளிக்கர் வந்துட்டார்னு ஃபிளெக்ஸ் வச்சாங்க சரி. புஷ்ஷர் (பேக்லைன்லேருந்து பந்தைத் தள்ளுறவர்) யாரு, ஸ்டாப்பர் (அதை டி உச்சியில நிறுத்துறவர்) யாரு? பி.சி. ஒரு ஆள் வேலை இல்ல. பந்தை வைக்கிற இடம் கோல்போஸ்ட்டுலேருந்து 10 மீட்டர். கோல் அகலம் 3.66, டியோட உச்சி பேக்லைன்லேருந்து 14.63. கணக்குப் போட்டா புஷ்ஷர் தள்ளுற பந்து உச்சிக்கு நேரா வர கிட்டத்தட்ட 19 மீட்டர் ஓடணும். அந்த 19 மீட்டர்ல ஒரு துள்ளல், ஒரு சாய்வு வந்தா ஸ்டாப்பர் மட்டையை நகர்த்துவார். ஸ்டாப்பர் நகர்ந்தா ஃபிளிக்கரோட காலடிக் கணக்கு தப்பும். அதுக்குள்ள ஃபர்ஸ்ட் ரன்னர் (தடுக்க முதல்ல ஓடி வர்ற எதிரணி ஆள்) மூஞ்சிக்கு முன்னாடி நிப்பான்.

முதல் வேலையா 24 கார்னரோட வீடியோவும் இருந்தா போட்டுப் பாருங்க. ஒவ்வொண்ணையும் அஞ்சு பெட்டியில ஒண்ணுல போடுங்க: புஷ் தப்பு, ஸ்டாப் தப்பு, ரன்னர் மேல பட்டது, கோலி தடுத்தது, வெளியே போனது. எந்தப் பெட்டி நிறையுதோ அங்கதான் வேலை. ஃபிளிக்கரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

பயிற்சிக்கு மைதானம் முழுசும் தேவையில்ல. 10 மீட்டர் குறிலேருந்து டி உச்சி வரைக்கும், ரெண்டு மீட்டர் அகலத்துல, 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை மட்டும் எடுத்துக்குங்க. சாயந்திரம் சல்லி, கல்லு எல்லாம் பொறுக்கிட்டு, தண்ணி அடிச்சு விடுங்க. காலையில ஈரம் லேசா இருக்கும்போதே ரோலர் உருட்டுங்க. செம்மண் நல்லா இறுகும். காய்ஞ்சப்புறம் உருட்டினா மேல் மண்ணு பொரிஞ்சுபோய் பந்து இன்னும் மோசமாத் துள்ளும், அதனால நேரம் முக்கியம்.

புஷ்ஷர் ஒரு நாளைக்கு 60 புஷ், 12 வீதம் அஞ்சு செட். ஸ்டாப்பர் நிக்கிற இடத்துல 60 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு கோன் வச்சு அதுக்கு நடுவுல போகணும். ஒரு கால் கட்டாயம் கோட்டுக்கு வெளியே இருக்கணும். பொய்யா அசைஞ்சு ரன்னரை இழுக்கப் பாத்தா, புஷ்ஷரை நடுக்கோட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளைத் தள்ளச் சொல்வாங்க. அதனால ரெண்டாவது புஷ்ஷர் தயாரா இருக்கணும். ஸ்டாப்பர் மட்டையைத் தரையோட படுக்க வச்சு, பந்து டிக்கு வெளியே நிக்கிற மாதிரி சாகடிக்கணும். பந்து டியை விட்டு வெளியே வராம கோல் செல்லாது. ஃபிளிக்கர் அங்கேருந்து இழுத்து உள்ளே கொண்டுவந்து விடுவார். 10க்கு 8 சுத்தமா நிக்கிற வரைக்கும் ஃபிளிக்கரை மட்டையோட கிட்ட விடாதீங்க. அவர் முதுகுக்கும் அது நல்லது, ஒரு நாளைக்கு 30 ஃபிளிக்குக்கு மேல வேண்டாம்.

மாற்று ஆட்டம் ரெண்டே ரெண்டு போதும். ஒண்ணு, ஃபிளிக்கர் இழுக்குற மாதிரி வந்து வலது பக்கம் நிக்கிற ஆளுக்கு நகர்த்துறது. இன்னொண்ணு, இடது போஸ்ட்டு ஓரமா வர்ற ஆளோட மட்டைக்குத் தாழ்வா அனுப்பி திசை திருப்புறது. ஏழு திட்டம் எழுதி வச்சு ஒண்ணும் உருப்படாமப் போறதைவிட ரெண்டு திட்டம் கண்ணை மூடிட்டு வரணும்.

பாலக்கோடு பேடு

நாலாவது குவார்ட்டரில் 6 கோல் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். நட்பு ஆட்டம் மொத்தம் 50 நிமிஷம், லீக் 60 நிமிஷம். அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் இந்த அணி சீசனுக்கு முன்னாடி ஆடிப் பார்க்கவே இல்லை. அதுவும் டர்ஃபில் ஓட்டம் அதிகம், பந்து வெளியே போய்க் காத்திருக்கும் நேரம் குறைவு.

18 நாளில் மூச்சை ரெட்டிப்பாக்க முடியாது. முதல் 10 நாளில் வாரம் ரெண்டு தடவை 30 மீட்டர் ஓட்டம் ஆறு, ஒவ்வொன்றும் 30 வினாடிக்கு ஒரு முறை தொடங்கணும். இப்படி ரெண்டு செட், நடுவில் 4 நிமிஷ நடை. ஆறாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட எவ்வளவு மெதுவாகிறது என்று குறித்து வையுங்கள். கடைசி 5 நாள் இதை நிறுத்திவிடணும், கால் புதுசாக இருக்கணும்.

உண்மையான தீர்வு மாற்று ஆட்டக்காரர்களில் இருக்கிறது. ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், கடிகாரம் நிற்காது. நம்ம ஊர் அணிகள் "நல்ல பையனை ஏன் வெளியே எடுக்கணும்" என்று முழு ஆட்டமும் விட்டுவிடுகிறார்கள். ஃபார்வேர்டு 6 நிமிஷத்துக்கு ஒரு தடவை, நடு ஆட்டக்காரர் 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து மூச்சு வாங்கணும். பெஞ்சில் ஒரு ஆள் ஸ்டாப்வாட்சோடு இதை மட்டும் பார்க்கணும், ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. பி.சி. குடுத்த பிறகு அது முடியும் வரை மாற்ற முடியாது, அதனால் ஃபிளிக்கர் பெஞ்சில் இருக்கும்போது கார்னர் கிடைத்தால் அவர் உள்ளே வர முடியாது. ஃபிளிக்கரை வெளியே எடுக்கும் நேரத்தில் மாற்றுத் திட்டத்துக்கான ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்து எடுங்கள்.

களைத்த பேக் செய்யும் ஒரே தப்பு, பந்தை நடுவில் அடிப்பது. அது நேராக எதிரணி சென்டர் ஹாஃபிடம் போய், ரெண்டு பாஸில் திரும்பி டிக்குள் வரும். 45வது நிமிஷத்துக்குப் பிறகு ஒரு சட்டம் வையுங்கள்: நம் ட்வென்டிஃபைவுக்குள் நடுப்பக்கம் பாஸ் இல்லை, பக்கக்கோடு மட்டும், வழி இல்லையா, பந்து வெளியே போகட்டும். அழுத்தத்தையும் பின்னால் இழுங்கள். எதிரணி 15 மீட்டர் ஹிட் எடுக்கும்போது அவர்கள் டிக்குப் போய் நெருக்காமல், நடுக்கோட்டில் நின்று வழியை மூடினால் போதும். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியா பெல்ஜியத்திடம் 2-2 என்று கடைசிக் குவார்ட்டருக்குப் போய், அதில் மட்டும் 3 கோல் வாங்கி 2-5 என்று தோற்றது. பெல்ஜியத்துக்கு அந்த ஆட்டத்தில் 14 பி.சி. டிக்குள் வரவிட்டுத் தடுப்பது என்பது அவ்வளவு ஆபத்தான வழி.

கோலிக்கு ஒரு வார்த்தை. சல்லித் தரையில் சறுக்கி விழுந்து தடுக்க யாரும் பழக மாட்டார்கள், தொடை உரியும். டர்ஃபில் அது இல்லாமல் முடியாது. பெங்களூரு போகும் ரெண்டு நாளிலும் கோலிக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருத்தர் பந்தோடு வர, 8 வினாடிக்குள் முடிக்கணும். அரையிறுதி ஷூட்அவுட்டுக்குப் போனாலும் இதே பயிற்சிதான் உதவும்.

விசில்

அந்த ரெண்டு கோல் ஏன் செல்லவில்லை என்பதற்கு என் ஊகம்: பி.சி.யில் முதல் ஷாட் ஹிட்டாக இருந்திருக்கும், பந்து பலகைக்கு மேலே போயிருக்கும். முதல் ஷாட்டை ஹிட் அடித்தால் பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது கோலுக்குள் இருக்கும் பலகை உயரம். ஸ்லாப்பும் ஹிட் கணக்குதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபிளிக், புஷ், ஸ்கூப் எந்த உயரத்திலும் போகலாம், யாருக்கும் ஆபத்தாக இல்லாத வரை. ஃபிளிக்கர் இல்லாத நேரத்தில் அடிப்பவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பலகைச் சத்தம் கேட்கணும்.

4 மஞ்சள் அட்டையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். ஐந்து ஆட்டத்தில் குறைந்தது 20 நிமிடம் பத்து பேரோடு ஆடியிருக்கிறீர்கள். பச்சை அட்டைக்கு 2 நிமிடம், அதையும் கூட்டிப் பாருங்கள். டர்ஃபில் அட்டை கூடுவதற்கு ஒரு காரணம் உண்டு. மண்ணில் ஓடி வந்து மட்டையை வீசித் தட்டினால் பந்து மெதுவாக இருப்பதால் கிடைத்துவிடும். டர்ஃபில் பந்து போய்விடும், மட்டை எதிராளியின் காலிலோ மட்டையிலோ படும். பின்னாலிருந்து வீசும் டேக்கிளை முழுக்க விடச் சொல்லுங்கள். கூடவே ஓடி, பக்கக்கோட்டுப் பக்கம் ஒதுக்கி, பந்து மட்டையை விட்டு விலகும் நொடியில் குத்தி எடுக்கணும்.

இன்னொன்று: எதிரணியின் 23 மீட்டருக்குள் நமக்குக் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை நேராக டிக்குள் அடிப்பது. பந்து முதலில் 5 மீட்டர் நகரணும், அல்லது எதிரணி ஆள் தொட்டிருக்கணும். நல்ல இடத்தில் கிடைத்த பந்து இப்படித் திரும்பிப் போவது மாவட்ட அளவிலான ஆட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. தனக்குத்தானே தட்டி எடுத்து ஓட விதி 2009லிருந்தே அனுமதிக்கிறது, அதைப் பழக்குங்கள். எதிரணி தள்ளி நிற்பதற்குள் தொடங்கினால் அந்த 5 மீட்டர் தானாகக் கழியும், பதறிய டிஃபென்டரின் கால் பந்தில் படவும் வாய்ப்பு அதிகம்.

செம்மண் சென்டர்ஹாஃப்

எல்லாருக்கும் நன்றிங்க. போன்ல எடுத்த வீடியோ எல்லாத்தையும் சேகரிச்சு கார்னரை எண்ணியாச்சு. 24ல புஷ் தப்பினது 7, ஸ்டாப் நிக்காதது 8, ரன்னர் மேல பட்டது 4, கோலி தடுத்தது 3, கோல் 2. வெளியே போனது ஒண்ணுமில்ல. செல்லாத ரெண்டையும் ரன்னர் பெட்டியில போட வேண்டியதாப் போச்சு, ரெண்டுமே ரன்னர் நெருங்கினதால அவசரத்துல அடிச்ச ஹிட், பலகைக்கு மேல போயிருக்கு. விசில் சொன்னது சரி.

அப்போ ஃபிளிக்கருக்கு ஒழுங்கான பந்து வந்ததே 9 தடவைதான், அதுலயும் நாலு அவசரம். குரூப்ல அவரைத்தான் எல்லாரும் வறுத்தெடுத்தாங்க.

சிக்கல் என்னன்னா, புஷ்ஷரும் ஸ்டாப்பரும் ஓசூர்ல ஷிப்டு வேலை. ஒருத்தர் முதல் ஷிப்டுன்னா இன்னொருத்தர் நைட்டு. ஃபிளிக்கர் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் வர்றார். மூணு பேரும் ஒண்ணா நின்னு பழகினதே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது.

அரூர் ஃபுல்பேக்

இந்தக் கணக்கைக் குரூப்பில் போடுங்கள், கோச்சை மாற்றும் பேச்சு அங்கேயே நிற்கட்டும். 18 நாளில் புது ஆள் வந்து பேர் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் போய்விடும்.

எதிர்பார்ப்பு பெரிதாக இருப்பது குற்றமில்லை. 2023 உலகக் கோப்பைக்கு ரூர்கேலாவிலும் புவனேஸ்வரிலும் இருந்த எதிர்பார்ப்பைவிட நம்ம ஃபிளெக்ஸ் ஒன்றும் பெரிதில்லை. குழு ஆட்டங்களில் இந்தியா ஒன்றிலும் தோற்கவில்லை. ஸ்பெயினை 2-0, இங்கிலாந்தோடு 0-0, வேல்ஸை 4-2. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே 7 புள்ளி. ஆனால் கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து +9, இந்தியா +4. அதனால் நேராகக் காலிறுதிக்குப் போக முடியாமல் நியூசிலாந்தோடு கூடுதலாக ஒரு ஆட்டம் ஆட வேண்டி வந்தது. அதில் 3-1 என்று முன்னிலையில் இருந்து 3-3 ஆகி, ஷூட்அவுட்டில் வெளியேறினார்கள். நடு ஆட்டத்தின் முதுகெலும்பான ஹர்திக் சிங் காயத்தால் அந்த ஆட்டத்தில் இல்லை. கிடைத்த வாய்ப்பைக் கோலாக மாற்றாதது, முன்னிலையைக் காக்காதது, ஒரு ஆளுக்கு மாற்று இல்லாதது: உங்கள் அணியின் கணக்கிலும் இதே மூன்றும் இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்ததும் ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள்தான்.

உங்களுக்கும் கோல் வித்தியாசம் இப்போது -6. மீதி ரெண்டையும் ஜெயித்தால் 10 புள்ளி. இன்னொரு அணியும் 10ல் நின்றால் என்ன ஆகும் என்று போட்டி விதித்தாளை இப்போதே எடுத்துப் படியுங்கள். கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவா, ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கையா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். 2-0 முன்னிலையில் இருக்கும்போது மூன்றாவதைத் தேடணுமா, கதவைச் சாத்தணுமா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

ஓசூர் ஷிப்டு

ஷிப்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல மைதானத்துக்குக் கொண்டுவர முயற்சி பண்ணி 18 நாளும் போயிடும். ஆளை மாத்துங்க. புஷ், ஸ்டாப் ரெண்டுக்கும் பெரிய ஆட்டக்காரர் தேவையில்ல, பொறுமையான கை இருந்தா போதும். கிருஷ்ணகிரியிலயே இருக்குற, தினமும் காலையில மைதானத்துக்கு வரக்கூடிய ரெண்டு பேரை முதல் ஜோடியா வச்சு, தினம் 60 புஷ்ஷை அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யட்டும். ஓசூர் ஜோடி ரெண்டாவது ஜோடி. ஒரே ஷிப்டு விழுற வாரத்துல அவங்க அங்கேயே ஏதாவது சிமென்ட் தரையில 19 மீட்டர் அளந்து பழகிக்கலாம்.

நைட் ஷிப்டு முடிச்சுட்டு நேரா பயிற்சிக்கு வர்றவங்களை அன்னைக்கு ஓட்டம் விடாதீங்க, தொடைத்தசை பிடிக்கிறது அப்போதான். நிறுத்தல் பயிற்சி 20 நிமிஷம் குடுத்து தூங்க அனுப்பிடுங்க. ஆட்டத்துக்கு முந்தின ரெண்டு ராத்திரிக்கு ஷிப்டை மாத்திக்கக் கூடவேலை பாக்குறவங்க கிட்ட இப்பவே பேசி வைக்கணும். கடைசி வாரத்துல கேட்டா கிடைக்காது.

ஃபிளிக்கர் முந்தின நாள் வர்றதை மூணு நாள் முன்னாடின்னு மாத்த முடிஞ்சா அதுதான் செலவு பண்ண வேண்டிய இடம். முடியலைன்னா, உங்க ஸ்டாப்பர் பந்தை நிறுத்துற இடத்தை டி கோட்டுலேருந்து எத்தனை சென்டிமீட்டர், நடுவுலேருந்து எந்தப் பக்கம்னு அளந்து, போன்ல படம் எடுத்து அவருக்கு அனுப்புங்க. அவர் ஊர்ல அதே அளவுல பந்தை வச்சு காலடி பழகிட்டு வரட்டும். வேனையும் விடியக்காலையில தொப்பூர் கணவாய் இறக்கிக் கொண்டுபோய் நேரா மைதானத்துல நிறுத்தாம, முந்தின நாள் சாயந்திரமே போய்ச் சேர்ந்தா, பத்து கார்னர் அந்தத் தரையிலேயே அடிச்சுப் பாக்க முடியுமான்னு போட்டி நடத்துறவங்க கிட்ட கேளுங்க.

கார்னர் பைத்தியம்

ஓசூர் ஷிப்டு சொன்ன அளவு விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்குங்க. டர்ஃப்ல ஸ்டாப்பருக்குப் பந்து சீக்கிரம் வரும், அதனால ஃபிளிக்கர் ஓட ஆரம்பிக்கிற நேரமும் மாறும். மண்ணுல பழகின நேரத்தை அப்படியே கொண்டுபோனா அவர் தாமதமா வந்து நிப்பார், நாலு ரன்னர் அடி அதனாலதான் விழுந்திருக்கும். புஷ்ஷரோட மட்டையிலேருந்து பந்து விடுபடுறதுலேருந்து ஸ்டாப்பர் மட்டையில படுற வரைக்கும் எவ்வளவு நேரம்னு டர்ஃப்ல ஒரு தடவை, உங்க பட்டையில ஒரு தடவை போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்துப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சா, மண்ணுல பழகும்போது புஷ்ஷரை ஒண்ணரை ரெண்டு மீட்டர் கிட்ட வச்சுத் தள்ளச் சொல்லி அந்த நேரத்தைச் சமன் பண்ணிக்கலாம்.